இரகசியம் எவருடைய குற்றம்?

பெற்றோரும் உறவினரும் கூடிச் சாதிக்குள் முடித்துவைத்த திருமணம். மணப்பெண்ணின் நெஞ்சில் இருந்தவன் வேறு சாதி. அந்தப் பேச்சு வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே புதைக்கப்பட்டுவிட்டது. திருமணமான மூன்றாம் மாதத்திலிருந்தே ‘விசேஷம் உண்டா?’ என்ற விசாரணை தொடங்குகிறது. அவள் விடை கூறுவதில்லை. கணவனுக்கும் மாமியாருக்கும் தெரியாமல் கருத்தடை மாத்திரை விழுங்குகிறாள். அல்லது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அரசு சுகாதார நிலையத்துக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்கிறாள். அல்லது தரித்த கருவைக் கலைத்துவிடுகிறாள். ஹரியானாவிலும் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் மட்டுமல்ல, இந்நாட்டின் எந்த மாநிலத்திலும் எந்த மொழி பேசும் வீட்டிலும் நிகழக்கூடிய செய்தி இது.

உண்மை வெளிப்படும் நாளில் தீர்ப்புகள் வரிசையாக வந்து விழுகின்றன. சாதிப் பஞ்சாயத்து அவளை ஒழுக்கம் கெட்டவள் என்கிறது. புகுந்த வீடு, குலத்தை அழித்தவள் என்கிறது. குடும்ப நீதிமன்றத்தில் தாக்கலாகும் மனு, மனரீதியான கொடுமை இழைத்தவள் என்கிறது. தொலைக்காட்சித் தொடர் அவளை வில்லியாக்கி வாரக்கணக்கில் ஓட்டுகிறது. இக்கூட்டுக் குரலில் பிற்போக்காளர்களின் தொண்டை மட்டுமே ஒலிக்கிறது என்றால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கிளைக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நிற்கும் தோழர்கள் சிலரும், ‘என்ன இருந்தாலும் கணவனிடம் மறைத்தது தவறுதானே?’ என்று கேட்பதுதான் கவனத்துக்குரியது. அக்கேள்வியைப் புறந்தள்ளிவிட முடியாது. அதற்கு நேரடியாக விடை கூறியாக வேண்டும்.

அப்பெண்ணின்மீது சுமத்தப்படுபவை இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, குழந்தை வேண்டாம் என்று தானே முடிவெடுத்து அதை மறைத்தாள். மற்றொன்று, மணமான பின்னும் பழைய காதலை மனத்திலிருந்து அகற்றவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்து ‘துரோகம்’ என்ற ஒரே சொல்லால் பூசிவிடுவதுதான் ஆணாதிக்கத்தின் தந்திரம். ஆகவே இரண்டையும் தனித்தனியே பிரித்து ஆராய்வது அவசியம்.

ஒரே உடல், இரண்டு சட்டங்கள்

1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் கருவுற்ற பெண்ணின் சம்மதத்தைக் கோருகிறது. பதினெட்டு வயது நிறைந்த, மனநலம் உள்ள பெண் எனில் வேறு எவருடைய சம்மதமும் தேவையில்லை. கணவனின் கையெழுத்து என்ற ஒன்று அச்சட்டத்தில் எங்குமே இல்லை. 2021ஆம் ஆண்டின் திருத்தம், அப்பெண்ணின் பெயரைச் சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறு எவரிடமும் வெளியிடும் மருத்துவருக்குச் சிறைத் தண்டனை வரை விதிக்க வழி செய்தது. தன் சம்மதமின்றிக் கருவைக் கலைத்ததாக மனைவிமீதும் மருத்துவர்கள்மீதும் இழப்பீடு கேட்டு ஒரு கணவர் தொடுத்த வழக்கைப் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் 2011இல் நிராகரித்தது. 2017இல் உச்ச நீதிமன்றமும் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒருபடி மேலே சென்றது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கலாகாது என்றும், கருக்கலைப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கு மட்டுமேனும் பாலியல் வன்கொடுமை என்பது கணவன் இழைக்கும் வன்கொடுமையையும் உள்ளடக்கும் என்றும் அது கூறியது.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தில் 2007 மார்ச் 26 அன்று இதே உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நிற்கிறது. இந்திய ஆட்சிப் பணி அதிகாரிகளான கணவன் மனைவிக்கிடையிலான மணவிலக்கு வழக்கு அது. மனரீதியான கொடுமைக்கு எடுத்துக்காட்டுகளாக ஒரு பட்டியலை நீதிமன்றம் தொகுத்தளித்தது. மருத்துவக் காரணமின்றியோ, கணவனின் சம்மதமோ அறிவோ இன்றியோ மனைவி கருக்கலைப்புச் செய்துகொள்வது கொடுமையாகலாம் என்பது அப்பட்டியலில் ஒன்று. திருமணத்துக்குப் பின் குழந்தை வேண்டாமென ஒருவர் தாமாகவே முடிவெடுப்பதும் கொடுமையாகலாம் என்பது இன்னொன்று. மனைவியின் சம்மதமின்றிக் கருத்தடைச் சிகிச்சை செய்துகொள்ளும் கணவனும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறான் என்பது உண்மையே. ஆயினும் மனைவியைப் பற்றிய வரியில் அவள் ‘வாசக்டமி’ செய்துகொள்வதாக எழுதப்பட்டுள்ளது. அது ஆணுக்குச் செய்யப்படும் சிகிச்சை. பெண்ணுடலைப் பற்றித் தீர்ப்பெழுதும் இடத்தில் பெண்ணுடல் எவ்வளவு தொலைவில் வைத்துப் பார்க்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

விளைவு என்ன? மருத்துவமனைக்குள் நுழையும்போது அவளுடைய கருப்பை அவளுடையது. குடும்ப நீதிமன்றத்துக்குள் நுழையும்போது அது கணவனுடையதாகிவிடுகிறது. ஒரு கையால் வழங்கிய உரிமையை மறு கையால் கொடுமையென்று பெயரிட்டுப் பறிப்பதுதான் இது. மேலும், கருக்கலைப்பு இந்நாட்டில் இன்றளவும் முழு உரிமையாக அங்கீகரிக்கப்படவில்லை என்பதையும் மறக்கலாகாது. 1860ஆம் ஆண்டின் காலனியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த கருச்சிதைவுக் குற்றம், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 88ஆம் பிரிவாக அப்படியே தொடர்கிறது. கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதன் வரம்புக்குள் வருகிறாள். அந்நியச் சட்டங்களின் சுவடுகளை அழித்துவிட்டதாக மார்தட்டிய ஒன்றிய அரசுக்கு இந்தச் சுவடு மட்டும் இனித்திருக்கிறது.

‘வேண்டாம்’ என்று சொல்ல இடமெங்கே?

‘மறைக்காமல் சொல்லியிருக்கலாமே’ என்பவர்கள், சொல்வதற்கு அவளுக்கு எந்த இடம் விட்டுவைக்கப்பட்டுள்ளது என்பதை ஆராய வேண்டும். கணவனின் உடலுறவை அவள் மறுக்க முடியாது. மனைவியின் விருப்பத்துக்கு மாறான உறவைப் பாலியல் வன்கொடுமையாகக் கருதாத விதிவிலக்கு, நீதிபதி வர்மா குழு 2013இலேயே அதை நீக்கப் பரிந்துரைத்த பின்னும், புதிய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில் அப்படியே இருத்தப்பட்டுள்ளது. அவ்விதிவிலக்கைக் காப்பாற்ற 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் பிரமாண வாக்குமூலமே தாக்கல் செய்தது. சரி, வீட்டை விட்டு வெளியேறலாம் என்றால், இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு ‘தாம்பத்திய உரிமை மீட்பு’ என்ற பெயரால் அவளைத் திரும்ப அழைக்கிறது. இப்பிரிவு பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகக் கருவுறச் செய்யக்கூடியது என்று கூறி ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ.சௌத்ரி 1983இல் அதைச் செல்லாததாக்கினார். மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அக்கருத்தை ஏற்க மறுத்தது. இப்பிரிவைப் பெற்றெடுத்த இங்கிலாந்து 1970இல் அதைக் கைவிட்டுவிட்டது. இந்தியக் குடும்பம் கைவிடவில்லை.

உறவை மறுக்க முடியாது, வீட்டை விட்டு நீங்க முடியாது, நீங்கினாலும் தங்க ஒரு கூரையோ பிழைக்க ஒரு வேலையோ பெரும்பாலும் கிடையாது. இந்நிலையில் அவள் வசம் எஞ்சியிருப்பது தன் உடலுக்குள் நிகழ்வதைத் தடுக்கும் ஒரே ஒரு வழிதான். வெளிப்படையான மறுப்பு தண்டிக்கப்படும் இடத்தில் மறுப்பு இரகசிய உருவம் எடுக்கிறது. தொழிற்சங்கம் தொடங்கியதாகத் தெரிந்தால் வேலை பறிபோகும் என்ற ஆலையில், உறுப்பினர் அட்டையை மேலாளர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கும் தொழிலாளியை எந்தத் தோழரும் வஞ்சகன் என்று அழைப்பதில்லை. முதலாளியிடம் அவன் ‘உண்மையாக’ இருந்திருக்க வேண்டும் என்று அறிவுரை கூறுவதுமில்லை. ஆலைக்கு ஓர் அறம், அடுப்படிக்கு ஓர் அறம் என்று வைத்துக்கொள்வது மார்க்சியம் ஆகாது.

கருத்தடையின் சுமை எவர் தோளில் ஏற்றப்பட்டுள்ளது என்பதை அரசின் புள்ளிவிவரமே கூறுகிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவன் அச்சிகிச்சை செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 விழுக்காடு. ஆணுறை பயன்படுத்துவோர் 9.5 விழுக்காடு. கத்தி பெண்ணுடலில், முடிவு ஆணின் நாவில் என்பதே இதன் பொருள். குழந்தைகள் போதும் என்று குடும்பம் தீர்மானித்த பிறகு அவள் அறுவை மேசையில் படுத்தால் அது கடமை. குடும்பம் தீர்மானிக்கும் முன் அவளே தீர்மானித்தால் அது கொடுமை.

மறைத்துச் செய்ய வேண்டியிருப்பதன் விலையையும் அவளே செலுத்துகிறாள். லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு, 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் 1.56 கோடி கருக்கலைப்புகள் நிகழ்ந்ததாக மதிப்பிட்டது. அவற்றுள் மருத்துவ நிலையங்களில் நடந்தவை 22 விழுக்காடு மட்டுமே. 73 விழுக்காடு, அதாவது சுமார் 1.15 கோடி, மருத்துவ நிலையத்துக்கு வெளியே மாத்திரை மூலம் நடந்தவை. முறையாகவும் உரிய காலத்திலும் எடுத்துக்கொண்டால் அம்மாத்திரைகள் பாதுகாப்பானவையே. ஆனால் கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் அவை பயன்படா. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. கருவின் வயதைத் தவறாகக் கணக்கிட்டாலும் குருதிப்போக்கு மிகலாம். வசதி படைத்த வீட்டுப் பெண் தனியார் மருத்துவமனையில் கட்டணம் செலுத்திக் கமுக்கமாகத் திரும்பிவிடுகிறாள். விவசாயத் தொழிலாளியின் மகளோ, அரசு மருத்துவமனையில் ‘வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா’ என்று விரட்டப்பட்டு, மருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துத் தரப்படும் மாத்திரையோடு வீடு திரும்பிக் கழிவறையில் குருதி சிந்துகிறாள். இரகசியத்துக்கும் வர்க்கம் உண்டு.

இங்கு ஓர் ஐயம் எழலாம். நீண்டகாலம் செயல்படும் கருத்தடை ஊசிகளைப் போதிய ஆய்வின்றிப் புகுத்துவதை எதிர்த்து 1980களிலிருந்தே பெண்கள் அமைப்புகள் நீதிமன்றம் வரை சென்று போராடியுள்ளன. அப்போராட்டம் சரியானது. மறைத்துப் பயன்படுத்த எளிது என்பதற்காக எந்த மருந்தையும் பெண்ணுடலில் செலுத்தலாம் என்றாகிவிடாது. பாதுகாப்பான சாதனம், அதன் பக்க விளைவுகள் பற்றிய முழு விளக்கம், தொடர் மருத்துவக் கண்காணிப்பு ஆகியவற்றைக் கோருவதும், அதைத் தேர்ந்தெடுக்கும் பெண்ணின் இரகசியத்தைக் காப்பதும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள்.

நெஞ்சில் இருப்பவன்

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருவோம். 2011-12ஆம் ஆண்டின் இந்திய மானுட வளர்ச்சி ஆய்வு, கணவனைத் தாமே தேர்ந்தெடுத்த பெண்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர் என்று கண்டறிந்தது. சொத்து கைமாறாமல் காக்கும் ஏற்பாடாக ஒருதார மணம் எழுந்ததையும், காதலின் அடிப்படையிலான மணமே அறமுடையது எனில் காதல் நீடிக்கும் வரை மட்டுமே அம்மணம் அறமுடையது என்பதையும் 1884இலேயே எங்கெல்ஸ் நிறுவிக் காட்டினார். அதைப் படிப்பு வட்டங்களில் வாசித்துவிட்டு, விருப்பமின்றி மணமுடிக்கப்பட்ட பெண்ணிடம் நெஞ்சையும் சேர்த்து எழுதிக்கொடு என்று கேட்பது என்ன நியாயம்?

எங்கெல்ஸின் நூல் வெளியான அதே 1884இல்தான் பம்பாயில் ருக்மாபாய் மீது வழக்குத் தொடரப்பட்டது. பதினொரு வயதில் மணமுடிக்கப்பட்ட அவர், கணவனோடு வாழ மறுத்தார். கணவனிடம் செல், இல்லையேல் ஆறு மாதச் சிறை என்று 1887இல் நீதிமன்றம் ஆணையிட்டபோது, சிறைக்கே செல்வதாக அறிவித்தார். திலகர் அவரைக் கடுமையாகச் சாடினார். சிறையை வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்க அவருக்குப் படிப்பும் ஆதரவாளர்களும் இருந்தனர். பின்னர் இலண்டனில் மருத்துவம் பயின்று சூரத்தில் மருத்துவராகப் பணியாற்றினார். அத்தகைய துணை ஏதுமற்ற இலட்சக்கணக்கான பெண்களின் ருக்மாபாய்த்தனம் நெஞ்சுக்குள்ளும் மாத்திரை அட்டைக்குள்ளும் ஒளிந்து வாழ்கிறது.

தமிழ் படித்த தோழர்களுக்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்ற துறை நினைவிருக்கும். வேற்றார் பெண் கேட்டு வரும் வேளையில், தலைவி வேறொருவனை நேசிப்பதைத் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் எடுத்துரைத்து, விரும்பாத மணத்தைத் தடுப்பது அது. பழைய இலக்கணம் அறம் என்று பெயரிட்டது பெண்ணின் காதலை வெளியே சொன்ன வாயைத்தான். அதை அடைத்த கையை அல்ல. இன்று அவ்வாயைத் திறக்க விடாமல் ஆணவக் கொலையின் கத்தியைக் காட்டிவிட்டு, பிறகு ‘ஏன் மறைத்தாய்?’ என்று கேட்கிறது ‘பண்பாடு’.

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவைச் செல்லாததாக்கியது. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதிய பிரிவு அது. 2023 நவம்பரில் உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, இருபாலருக்கும் பொதுவாக்கி அக்குற்றத்தை மீண்டும் சட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. படுக்கையறைக்குள் காவலரை அனுப்பும் ஆசை அணையவில்லை. இங்கு பேசப்படும் பெண்ணோ எந்த உறவிலும் இல்லை. நினைவு ஒன்றைச் சுமக்கிறாள், அவ்வளவே. நினைவுக்கும் உரிமைப்பட்டா கேட்பவன் கணவன் அல்லன், நிலப்பிரபு.

இதற்காக அந்தப் பழைய காதலனுக்கு மாலை சூட்ட வேண்டியதில்லை. அவன் நல்லவனாகவும் இருக்கலாம், கோழையாகவும் இருக்கலாம். குழந்தை வேண்டாம் என்ற அவளுடைய முடிவுக்கு அவன் காரணமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் உரிமை ஒன்றுதான். ‘வறுமையால் கலைத்தாள், பரவாயில்லை; காதலால் கலைத்தாள், மன்னிக்க முடியாது’ என்று காரணத்தை எடைபோட்டு உரிமை வழங்குபவர்கள், உரிமையைச் சலுகையாக்கிவிடுகிறார்கள். பத்தினிகளுக்கு மட்டுமே உரியதென்றால் அதன் பெயர் உரிமை அல்ல.

கணவனுக்கு நியாயம் இல்லையா?

உண்டு. தோழர்களின் நேர்மையான கேள்வி இதுதான். இதற்கு மழுப்பல் விடை கூடாது. பல ஆண்டுகளாகக் குழந்தைக்கு ஏங்கி, மருத்துவர்களிடமும் கோயில்களிலும் அலைந்து, கூலிப் பணத்தைத் தொலைத்த ஓர் இளைஞன் உண்மையை அறியும்போது உடைந்துபோவான். அவனும் பெரும்பாலும் பெற்றோர் காட்டிய பெண்ணுக்குத் தாலி கட்டியவனே. அவனுடைய துயரம் பொய்யல்ல. உண்மையை அறியும் உரிமையும், இம்மணத்திலிருந்து விடுபடும் உரிமையும் அவனுக்கு உண்டு. இல்லாத உரிமை ஒன்றே ஒன்றுதான்: விருப்பமில்லாத ஒருத்தியின் வயிற்றில் தன் வாரிசை வளர்க்கும் உரிமை.

அவனை ஏமாற்றியவர்கள் யார்? அவள் விருப்பத்தை அறிந்தே மறைத்து, அவனுக்கு அவளைக் கட்டிவைத்தவர்கள். அவர்களுடைய பெயர் எந்த மணவிலக்கு மனுவிலும் எதிர்மனுதாரராக இடம்பெறுவதில்லை. இருவரும் இணங்காதபோது, ஒருவர் கொடியவர் என்று நிறுவினாலன்றி விலக்குக் கிடைப்பது அரிது என்ற சட்ட அமைப்பே அத்துயரத்தைப் பழிச்சொல்லாக மாற்றுகிறது. மீட்க முடியாதபடி முறிந்த மணத்தைத் தன் சிறப்பு அதிகாரத்தால் கலைக்கலாம் என 2023 மே 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது. தில்லிவரை வழக்கு நடத்த வசதியுள்ளவருக்கு அது வழி. கட்டடத் தொழிலாளிக்கு அல்ல. மணவாழ்வில் சேர்ந்த சொத்தில் பெண்ணுக்குப் பங்கும், பிரிந்த பின் வாழ வழியும் உறுதி செய்யப்பட்ட எளிய மணவிலக்கு இருக்குமானால், இரகசியத்தின் தேவையே பெரும்பாலும் மறைந்துபோகும். உண்மை பேசும் துணிவைப் பெண்ணிடம் கோருவோர், உண்மை பேசிய பின்னும் அவள் உயிரோடும் உணவோடும் இருக்கும் நிலைமையை முதலில் உருவாக்கட்டும்.

கருப்பையும் அரசும்

கருப்பையின்மீது கணவன் மட்டுமல்ல, அரசும் உரிமை கொண்டாடுகிறது. அவசரநிலைக் காலத்தில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடைச் சிகிச்சை நடந்தது. பலருக்கு அது வலிந்து திணிக்கப்பட்டது. அதன் அரசியல் விலையைக் கண்டு அஞ்சிய அரசுகள், எதிர்க்குரல் எழுப்ப முடியாத பெண்களின் பக்கம் திரும்பின. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். முகாம்களைத் தொடர்ந்து 13 பெண்கள் மாண்டனர். இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் கைவிடுமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. நேற்றுவரை ‘குறைத்துப் பெறு’ என்று விரட்டியவர்கள் இன்று ‘கூட்டிப் பெறு’ என்கிறார்கள். 2024 டிசம்பரில் நாக்பூரில் பேசிய ஆர்எஸ்எஸ் தலைவர் மோகன் பகவத், மக்கள்தொகை வளர்ச்சி விகிதம் 2.1க்குக் கீழே செல்லும் சமூகம் அழியும் என்று எச்சரித்து மூன்று குழந்தைகளைப் பற்றிப் பேசினார். எண்ணிக்கை மாறலாம், பெறுபவளைக் கேட்பதில்லை என்ற கொள்கை மாறுவதில்லை.

1913இல் லெனின் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். வறுமைக்கு மருந்து குழந்தைக் குறைப்பே என்ற புதிய மால்தூசியத்தை அவர் எள்ளி நகையாடினார். அதே கட்டுரையில் கருக்கலைப்பையும் கருத்தடை அறிவையும் தடுக்கும் சட்டங்கள் அனைத்தையும் நிபந்தனையின்றி நீக்கக் கோரினார். 1920 நவம்பரில் சோவியத் ஆட்சி கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கி உலகுக்கு வழிகாட்டியது. 1936இல் அதே நாடு அவ்வுரிமையைப் பறித்தது. 1955இல் மீண்டும் வழங்கியது. இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளை மறைத்துப் பேசுவது இயக்கத்துக்கு அழகல்ல. சோஷலிச அரசே ஆயினும் பெண்ணின் கருப்பையைத் திட்டக் கமிஷனின் துறையாக்கிவிட முடியாது என்பதே அவ்வரலாறு தரும் படிப்பினை.

கோரிக்கைகள் தெளிவானவை. கருக்கலைப்பு விதிவிலக்கு என்ற நிலையிலிருந்து பெண்ணின் உரிமை என்ற நிலைக்கு உயர்த்தப்பட வேண்டும். 88ஆம் பிரிவின் நிழல் அவள்மீதிருந்து அகல வேண்டும். கணவனின் சம்மதமின்மை கொடுமைக்கான அடிப்படை ஆகாது என்று சட்டம் உரைக்க வேண்டும். மண உறவுப் பாலியல் வன்கொடுமைக்கான விதிவிலக்கும் தாம்பத்திய உரிமை மீட்புப் பிரிவும் நீக்கப்பட வேண்டும். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பாதுகாப்பான கருத்தடையும் கருக்கலைப்பும் இலவசமாகவும் இரகசியமாகவும் கிடைக்க வேண்டும். அந்த இரகசியத்தைக் காக்கும் ஆஷா பணியாளருக்கு ஊக்கத்தொகைக்குப் பதில் ஊதியம் வேண்டும்.

இவற்றை ஆர்ப்பாட்ட மேடையில் முழங்குவது எளிது. கிளையில் கடைப்பிடிப்பதுதான் கடினம். இத்தகைய பிரச்சினையுடன் ஒரு பெண் மாதர் அமைப்பை நாடி வரும்போது, அவள் கணவன் கட்சி உறுப்பினன் என்பதற்காக அவள் கூறியது அவன் காதுக்குச் செல்லக் கூடாது. ‘அனுசரித்துப் போ’ என்று சமரசம் பேசி அனுப்பும் வேலைக்குச் சாதிப் பஞ்சாயத்துகள் போதும். செங்கொடியின் கீழ் அதற்கு இடமில்லை. அந்த 0.3 விழுக்காட்டை உயர்த்தும் பொறுப்பு ஆண் தோழர்களுடையது. எல்லாவற்றுக்கும் மேலாக, தம் வீட்டுப் பெண்ணோ பையனோ வேறு சாதியில் ஒருவரை நேசிப்பதாகக் கூறும் நாளில் ஒவ்வொரு தோழரும் என்ன செய்கிறார் என்பதில்தான் இப்பிரச்சினையின் வேர் இருக்கிறது. அன்று அடைக்கப்படும் வாய்தான் பின்னாளில் இரகசியமாக மாத்திரை விழுங்குகிறது.